ஆற்றிலிட்ட பொன்: தமிழகக் கற்பித்தல் முறைகளின் மாற்று

1. தோற்றுவாய்

திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் பூண்ட விருத்தாசலம் இரண்டு காரணங்களால் அறியப்பெற்ற ஊராகும். ஒன்று, மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த அதன் திருக்கோயில். மற்றொன்று, அங்கு வளர்ந்துள்ள பீங்கான் தொழில். இவ்விரண்டும் கல்வி வரலாற்றை ஆராய்வார்க்கும் ஒவ்வோர் உவமையைத் தருகின்றன. முன்னதை இங்கும், பின்னதைக் கட்டுரையின் இறுதிப் பகுதியிலும் நோக்குவோம்.

சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் பெற்றார் என்றும், அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு பணிக்கப்பெற்றார் என்றும் சேக்கிழார் பெரியபுராணத்துள் கூறுவர். ஆற்றில் இடுவதற்கு முன்னர்ச் சுந்தரர் அப்பொன்னினின்று ஒரு துணுக்கை வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். மாற்றறிவதற்கு இவ்வாறு வெட்டி வைக்கும் பொன்னுக்கு மச்சம் என்று பெயர். ஆரூர்க் குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபொழுது மாற்றுக் குறைந்து காணப்பட்டது. மீண்டும் பாடிய பின்னரே மாற்று நிறைந்தது. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுதல் என்பது மக்கள் வழக்கிலும் பயில்வதொன்று.

இவ்வரலாற்றை நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது பத்தி நோக்கிலன்று; அளவை நோக்கிலாம். இட்ட பொருள் மீண்டு வந்தது என்பதனால் மட்டும் மன நிறைவு கொள்ளாது, வந்த பொருளின் மாற்று என்ன என்று வினவுவதே இதன்கண் அமைந்த அறிவுடைமையாகும். தமிழகத்தின் கற்பித்தல் முறைகள் கடந்த இருநூற்று முப்பது ஆண்டுகளில் இத்தகைய ஒரு பயணத்தை மேற்கொண்டுள்ளன. திண்ணையில் இருந்தன கடல் கடந்து சென்றன; வேறு பெயரோடு மீண்டன; இன்று திரையாகவும் அட்டையாகவும் குறியீடாகவும் நம் பள்ளிகளில் நிற்கின்றன. பழைய வகுப்பறை சிறந்ததா, புதிய கருவி சிறந்ததா என்று இக்காலத்து நிகழும் சொற்போரில் இரு திறத்தாரும் கருவியையே நோக்குகின்றனர். கருவி எதுவாயினும் மாற்றறிதற்குரிய மச்சம் ஒன்று வேண்டும் என்பதே நம் கருத்து.

2. நன்னூல் தரும் மச்சம்

அம்மச்சத்தை நாம் பிறநாட்டுக் கல்விநூல்களில் தேட வேண்டுவதில்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் நூலின் இயல்போடு நில்லாது, ஆசிரியன் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கன் இயல்பு, பாடங்கேட்கும் முறை ஆகியவற்றையும் நிரல்படக் கூறுகின்றது. அதன் உவமைகளுள் மூன்று கலங்கள் உள்ளன. ஆசிரியராதற்குத் தகாதவர் இருவர்க்குக் கழற்குடமும் பருத்திக் குண்டிகையும் உவமையாயின. கழற்காய்களைப் பெய்த குடம், பெய்த முறை நில்லாது தாறுமாறாக உகுப்பது. பருத்தியடைத்த குண்டிகை, கொள்ளுங்காலும் கொடுக்குங்காலும் சிறிது சிறிதாகவே கொள்வதும் கொடுப்பதுமாம். கடைமாணாக்கன் ஒருவனுக்கு இல்லிக்குடம் உவமையாயிற்று. கொண்டது யாவும் ஒழுகிப் போகும் ஓட்டைக்குடம் அது.

இவற்றினும் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது அப்பாயிரம் கூறும் ஒரு கணக்காகும். ஆசான் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்ட மாணாக்கனும் புலமையில் காற்கூறே பெறுவான். உடன்பயில்வாரோடு கூடிப் பயில்வதனால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். தான் கற்றதனைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிறையும் என்பது அக்கணக்கின் பொருள். வினாதலும் வினாயவற்றிற்கு விடை கூறலும் மாணாக்கன் கடமைகளுள் வைத்து எண்ணப்பெற்றன.

இஃது இலக்கணம் பயிலும் முதிர்ந்த மாணாக்கர்க்குக் கூறப்பட்டதேயன்றி அரிச்சுவடி பயிலும் சிறார்க்கு அன்று என்று தடை கூறலாம். அத்தடை ஒரு பகுதி உண்மையே. கால், கால், அரை என்னும் எண்களை நாம் துல்லியமான அளவாகக் கொள்ளவில்லை. ஆயினும் அவற்றின் உட்பொருள் எந்நிலை மாணாக்கர்க்கும் பொருந்தும். கேட்டல் கல்வியின் தொடக்கமே. கற்றவன் வாய்திறந்து உரைப்பதும், அவ்வுரையை ஒருவர் இருந்து கேட்பதுமே அதன் நிறைவு. இக்கணக்கையே மச்சமாகக் கொண்டு, காலந்தோறும் வந்த முறைகளை இனி உரைத்துப் பார்ப்போம்.

3. திண்ணைப் பள்ளி

திண்ணைப் பள்ளியின் நடைமுறையை அறிதற்கு நமக்குள்ள சான்றுகளுள் தலைசிறந்தது டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) எழுதிய 'என் சரித்திரம்' ஆகும். அங்கு மாணாக்கன் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினான். எழுதும்பொழுதே எழுத்தின் ஒலியை வாய்விட்டுக் கூறினான். கண், கை, வாய், செவி ஆகிய நான்கும் ஒரே காலத்தில் தொழிற்பட்டன. பின்னர் ஓலையும் எழுத்தாணியும் அவன் கைக்கு வந்தன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களும், நிகண்டும், எண்சுவடியும் நெட்டுருச் செய்யப்பட்டன. முந்திரி, காணி, மா, கால், அரை என்னும் கீழ்வாயிலக்கங்களும், நெல்லிலக்கம், குழிமாற்று போன்ற வாய்பாடுகளும் கழனியிலும் கடையிலும் அவனுக்குப் பயன்பட்டன.

அப்பள்ளியில் ஆண்டு வகுப்பு என்பதில்லை. ஒரே திண்ணையில் ஒருவன் மணலில் 'அ' எழுத, மற்றொருவன் ஓலையில் கணக்கு எழுதுவான். ஒவ்வொருவனும் தன் நிலைக்கேற்ப நடந்தான். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். ஒருவன் முன்னின்று கூற மற்றையோர் ஒருங்கே பின்சொல்லும் முறை வைத்தல் என்னும் வழக்கமும் இருந்தது. மாலையில் வீடு செல்லும் ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஊரின் பெயரோ கூறியனுப்பி, மறுநாட் காலையில் அதனைத் தவறாது கேட்கும் வழக்கத்தையும் சாமிநாதையர் குறிப்பிடுகின்றார். மிகச் சிறியதாகத் தோன்றும் இவ்வழக்கத்தில் ஒரு பெரும் உண்மை அடங்கியுள்ளது. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையிடமும் நாள்தோறும் ஒருமுறையேனும் தனித்து விடை கேட்டார் என்பதே அஃது.

நம் மச்சத்தில் உரைத்தால் இம்முறை உயர்ந்த மாற்றே காட்டும். ஆசான் உரைத்தல், உடன்பயிலல், பிறர்க்குரைத்தல் ஆகிய மூன்றும் இதன்கண் உள்ளன. ஆயினும் புகழ்ச்சியில் மயங்கி இதன் குறைகளை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகள் அங்கு இருந்தன. பொருள் விளங்காமலே பாடல்களை நெட்டுருச் செய்தலும் மிகுதி. இவற்றினும் பெருங்குறை, திண்ணையில் ஏற இயலாதவர் பலர் இருந்தமையாகும்.

இதற்கு எண்ணாற் சான்று உண்டு. சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமசு மன்றோ 1822 சூன் 25ஆம் நாள், மாவட்டந்தோறும் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். வந்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சு 10ஆம் நாள் அவர் வரைந்த குறிப்பின்படி, 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றிற் பயின்றோர் 1,88,650 பேர். ஆயிரவர்க்கு ஒரு பள்ளி என்பது அக்காலத்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றோடு ஒப்பிட இழுக்கன்று. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள சிறுவருள் ஏறத்தாழ நால்வர்க்கு ஒருவர் பள்ளியிற் பயின்றனர் என்றும், வீட்டிலேயே கற்றோரையும் சேர்த்தால் மூவர்க்கு ஒருவர் ஆகலாம் என்றும் மன்றோ மதிப்பிட்டார். ஆனால் பயின்றோருள் பெண்மக்கள் 4,540 பேரே. நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அத்திண்ணையின் நிழலையும் கண்டிலர். திண்ணையின் பொன் மாற்றுயர்ந்ததாயினும் அளவிற் குறைந்தது என்பது இதனாற் புலனாகும்.

4. மணல் கடல் கடந்த வரலாறு

இத்திண்ணைப் பள்ளியின் ஒரு கூறு இங்கிலாந்து சென்ற வரலாறு, கல்வி வரலாற்றில் வியப்புக்குரியது. இசுக்காத்துலாந்தில் 1753-இல் பிறந்த ஆந்திரூ பெல் என்னும் சமயகுரு 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரிலிருந்த படைவீரர் ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்திற்கு மேற்பார்வையாளரானார். ஒருநாள் தமிழ்ப் பள்ளி ஒன்றில் சிறுவர் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுதலைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழை மலபார் என்று வழங்கியமையால், அவர் நூலில் அது மலபார்ப் பள்ளி எனப் பெயர் பெறுகின்றது. தம் இல்லத்திலும் அவ்வாறே எழுதுவிக்குமாறு ஆசிரியரைப் பணித்தார், ஆசிரியர் உடன்படவில்லை. ஆகவே பெல், எட்டு வயதினனான சான் பிரிசுக்கன் என்னும் மாணாக்கனிடமே சிறுபிள்ளைகளை ஒப்புவித்தார். ஆசிரியர் மறுத்த பணியை அச்சிறுவன் செய்து முடித்தான். பின்னர்ப் பள்ளி முழுவதிலும் மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு அமைந்தது.

1796-இல் தாயகம் மீண்ட பெல், அடுத்த ஆண்டே இச்சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 1798-இல் இலண்டன் ஆல்டுகேட்டுப் பகுதிப் பள்ளியொன்றில் இம்முறை கையாளப்பட்டது. சென்னை முறை என்ற பெயரே அதற்கு வழங்கியது. அதே ஆண்டில் பள்ளி தொடங்கிய சோசப்பு லங்காசுட்டர் என்பாரும் இதனையொத்த முறையை மேற்கொண்டார். 1811-இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் பள்ளிகள் பெல்லின் வழியே நடந்தன. லங்காசுட்டரின் முறை அமெரிக்கா வரை பரவியது.

பெல் திண்ணையிலிருந்து கொண்டது மணல் மட்டுமா, சட்டாம்பிள்ளை முறையுமா என்பது ஆராய்தற்குரியது. மணலெழுத்தைத் தமிழ்ப் பள்ளியில் கண்டதாக அவரே ஒப்புக்கொள்கின்றார். மாணாக்கர் வழிக் கற்பித்தலைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே கொண்டார். ஆயினும் கிழக்கிந்தியக் கும்பெனியின் இயக்குநர்கள் 1814 சூன் 3ஆம் நாள் வங்காளத்திற்கு விடுத்த மடலில், இந்நாட்டு ஆசிரியர்கள் தொன்றுதொட்டுக் கையாண்டு வந்த கற்பிக்கும் முறையே பெல்லின் வழியாக இங்கிலாந்தில் மேற்கொள்ளப்பட்டுள்ளது என்று எழுதினர். மன்றோவின் கணக்கெடுப்பிற்கு விடையாகப் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்பெல் 1823 ஆகத்து 17ஆம் நாள் விடுத்த அறிக்கை இன்னும் தெளிவானது. முதிர்ந்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிப்பதும், அதனால் தம் அறிவைத் தாமே உறுதி செய்துகொள்வதும் பாராட்டத்தக்கன என்றும், இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தக்கதே என்றும் அவர் கூறினார். அதே அறிக்கையில், மாணாக்கர் பொருளறியாது செய்யுள்களை ஒப்பிக்கின்றனர் என்ற குறையையும் மறைக்காது எழுதினார்.

கற்பிப்பதனால் கற்பிப்பவன் அறிவு உறுதிப்படுகின்றது என்னும் காம்பெல்லின் கூற்று, பிறர்க்குரைத்தலால் அரைக்கூறு நிறையும் என்ற நன்னூற் கணக்கோடு ஒத்திருத்தல் நோக்கத்தக்கது. நன்னூலை அறியாத ஒருவர் நேரிற் கண்டு எழுதிய உண்மை இது. ஆதலின் இவ்வொற்றுமை நம் மச்சத்திற்கு வலிமை தருகின்றது.

இனி, கடல் கடந்த பொன்னின் மாற்று என்னவாயிற்று எனக் காண்போம். இங்கிலாந்தில் அது தொழிற்சாலைக் காலத்தின் தேவைக்கு இசைந்து மாறியது. ஓர் ஆசிரியர் ஆயிரம் சிறுவரை நடத்தலாம் என்று லங்காசுட்டர் பறைசாற்றினார். செலவு சுருங்கியதே அம்முறையின் முதற் புகழாயிற்று. திண்ணையில் ஆசிரியர்க்குத் துணையாயிருந்த சட்டாம்பிள்ளை, அங்கு ஆசிரியர்க்கு மாற்றாகிவிட்டான். துணையாயின் ஆசிரியர் ஒவ்வொருவன் விடையையும் கேட்க நேரம் கிடைக்கும். மாற்றாயின் கேட்பாரே இல்லாமற் போவர். சிறுவர் கூட்டம் பெருகியது. கட்டளைக்கு நிற்றலும் இருத்தலும் பெருகின. கேட்டு விளக்குதல் அருகியது. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தே இம்முறையைக் கைவிட்டுப் பயிற்சி பெற்ற ஆசிரியரை நாடியது. இதற்கிடையில் 1814-இல் இராபர்ட்டு மே என்னும் சமயத் தொண்டர் வங்காளத்துச் சின்சுராவில் பெல்லின் முறையில் பள்ளி நடத்தினார். இந்நாட்டுப் பழக்கம் இந்நாட்டிற்கே புதுமையென மீண்டு வந்தது.

5. வகுப்பறையின் வரவு

இன்று நாம் மரபுவழி வகுப்பறை என்று கூறுவது உண்மையில் தமிழ் மரபன்று. 1854-ஆம் ஆண்டின் உட்டு மடலுக்குப் பின்னர் அமைந்த கல்வித்துறையோடு வளர்ந்தது அது. ஒத்த வயதினர் ஒரே வகுப்பிலிருத்தல், ஒரே பாடநூல், கரும்பலகை, மணியடிக்கும் பாடவேளை, ஆண்டுத் தேர்வு, ஆய்வாளர் வருகை ஆகியன இதன் உறுப்புகள். திண்ணைப் பள்ளிகள் உடனே மறையவில்லை. சார்லசு கோவர் என்பார் சென்னைத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி எழுதிய தனிக்கட்டுரை 1873-இல் 'இந்தியன் ஆண்டிக்குவரி' என்னும் இதழில் வெளிவரும் அளவிற்கு அவை நிலைத்திருந்தன. ஆயினும் நாளடைவில் அவை அரசின் உதவித்தொகைக்காகத் துறையின் நெறிகளுக்கு இணங்கின, பின்னர்க் கரைந்தன.

இவ்வகுப்பறையின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. திண்ணையில் ஏறாத மக்களுக்குக் கதவு திறந்தது இதுவே. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய நண்பகல் உணவுத் திட்டமும், 1982-இல் எம். சி. இராமச்சந்திரன் ஆட்சியில் விரிந்த சத்துணவுத் திட்டமும் ஏழைப் பிள்ளைகளை இதன்பால் ஈர்த்தன. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக நின்றது. திண்ணை தரவியலாத அளவை வகுப்பறை தந்தது.

ஆனால் மாற்று? நாற்பது பிள்ளைகளை நோக்கி ஒருவர் உரைக்கும் அறையில், பிள்ளைக்கு உரியது பெரும்பாலும் கேட்டலே. உடன்பயிலல் ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது; பக்கத்திலிருப்பவனிடம் பேசுதல் குற்றமாயிற்று. பிறர்க்கு எடுத்துரைத்தல் நல்ல மாணாக்கர் சிலர்க்கே வாய்த்தது. பின்தங்கிய பிள்ளை ஒன்று, தான் அறியாமையை எவரும் அறியாதபடி ஓராண்டு முழுதும் அமைதியாக அமர்ந்திருக்கக்கூடும். இல்லிக்குடம் ஒழுகுவதை எடுத்துப் பார்ப்பவரன்றோ அறிவர்? அடுக்கிய குடங்களினிடையே அஃது ஒழுகுதல் தெரியாது. திண்ணையின் நெட்டுருவும் இங்கு ஒழியவில்லை; வாயிலிருந்து விடைத்தாளுக்கு இடம் மாறியது.

6. அட்டையும் திரையும்

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகப் பள்ளிகளில் இருவகைப் புதுமைகள் புகுந்தன. அவற்றை ஒன்றாக வைத்து எண்ணுதல் பிழையாகும்.

முதலாவது, செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து இரிசிவாலியின் சிற்றூர்ப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கப்பெற்று, 2007-இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் எங்கும் இது பரவியது. பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் கற்றல் ஏணி ஒன்றில் தன் படி எது என அறிந்து, தன் நடையில் ஏறியது. பல வயதினர் ஒரே அறையில் தரையில் வட்டமாக அமர்ந்தனர். பிள்ளைகள் எழுதுவதற்குச் சுவரின் தாழ்ந்த பகுதியில் கரும்பலகைகள் அமைந்தன. ஆண்டு வகுப்பின்மை, தன்னிலைக்கேற்ற நடை, தரையிருக்கை, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு உதவுதல் ஆகிய யாவும் திண்ணையில் நாம் கண்டவையே. தண்டனை மட்டும் நீங்கிற்று. பெண்பிள்ளையும் ஒதுக்கப்பட்ட குடியின் பிள்ளையும் வட்டத்தினுள் வந்தமர்ந்தனர். இம்முறையின் இடர்ப்பாடும் தெளிவானதே. அட்டை பிள்ளையின் கையில் இருக்க, ஆசிரியர் பதிவேட்டின் முன் இருப்பாராயின், பிள்ளை தானே அட்டையோடு தனித்துவிடும்.

இரண்டாவது, திரைவழிக் கற்பித்தல். 2011 முதல் மேனிலைப் பள்ளி மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் நடைபெற்றது. 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூ. ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன; கைப்பேசியை அவற்றின்மேற் காட்டினால் பாடக்காட்சி விரிந்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இவற்றின் பயன் உண்மையானது. நல்லாசிரியர் ஒருவரின் விளக்கம் எட்டாத சிற்றூர்க்கும் எட்டும். பிள்ளை அதனைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். குருதியோட்டம், கோள்களின் இயக்கம் போன்று கரும்பலகையில் வரைந்து காட்ட அரியவற்றைத் திரை எளிதிற் காட்டும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாளே மீண்டும் திறந்தன. ஏறத்தாழ இருபது திங்கள் தமிழகத்துச் சிறார் பலர்க்குத் திரையே பள்ளியாயிற்று. கைப்பேசியற்ற வீடுகளில் அதுவும் இல்லை. திரை உரைத்தது, பிள்ளை உரைத்ததை அது கேட்கவில்லை. நன்னூற் கணக்கின்படி திரை தரவல்லது முதற் காற்கூறே. அதனையும் கேட்பார் இருந்து கேட்டால்தான் பெறலாம்.

இதனை ஈடுசெய்ய எழுந்ததே இல்லம் தேடிக் கல்வித் திட்டம். 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் இது தொடங்கப்பெற்றது. அவ்வவ்வூரினரான தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் ஏறத்தாழ இருபது பிள்ளைகளை வைத்துக் கற்பித்தனர். திங்கட்கு ஆயிரம் உரூபா ஊக்கத்தொகையாக வழங்கப்பட்டது. உயர்ந்த கருவி எதுவும் அங்கில்லை. இருந்தது, பிள்ளையின் பெயரறிந்து அதன் வாயினின்று விடை கேட்கும் ஒருவர் மட்டுமே. சட்டாம்பிள்ளை இப்பொழுது அக்கையாக வந்தாள் எனலாம்.

இதன் பயனை அளந்தாரும் உளர். பொருளியல் ஆய்வாளர் அபிசீத்து சிங், மோரிசியோ உரொமேரோ, கார்த்திக்கு முரளிதரன் ஆகிய மூவர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 சிறாரைத் தொடர்ந்து ஆய்ந்தனர். 2021 திசம்பரில் சிறாரின் கற்றலிழப்பு, மொழியினும் கணக்கில் மிகுதியாகக் காணப்பட்டது. பள்ளி திறந்து ஆறு திங்களுள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அம்மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்விக்கு உரியது என்பது அவர்தம் மதிப்பீடு. எஞ்சிய பெரும்பங்கு பிறவற்றால், குறிப்பாகப் பள்ளியே மீண்டும் திறந்தமையால், வந்தது எனக் கொள்ளலாம். இவ்வாய்வு திரைவழிக் கற்பித்தலின் பயனைத் தனித்து அளக்கவில்லை. ஆதலின் திரை பயனற்றது என்று இதனைக் காட்டி வாதிடுதல் முறையன்று. ஆளிருந்து கேட்டதனால் மீட்சி விரைந்தது என்பதே இதனாற் பெறப்படுவது.

7. சூளை கூறும் உண்மை

இனி விருத்தாசலத்தின் மற்றோர் அடையாளமாகிய பீங்கானுக்கு வருவோம். அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அவ்வூரில் உள்ளது. மட்கலத் தொழிலில் பழைய கல்வியும் புதிய கல்வியும் எதிரெதிராக நிற்பதைவிட அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். குயவர் குடியிற் பிறந்த சிறுவன் மண் பிசைதலையும் தீ நிறம் நோக்குதலையும் தந்தையின் அருகிருந்து கற்றான். தொழிற்கூட மாணாக்கன் களிமண்ணின் வேதியியலையும் வெப்ப அளவையும் வகுப்பில் கற்கின்றான். ஆயினும் இருவர்க்கும் இறுதித் தேர்வு ஒன்றே. சூளையினின்று வெளிவரும் கலமே அத்தேர்வு. விரிசலுற்ற கலத்தை எவ்வகை விளக்கமும் காப்பாற்றாது.

சூளையின் வெம்மையை அளக்க இருவகைக் கருவிகள் உண்டு. ஒன்று வெப்பமானி, அது தன் முனையிருக்கும் இடத்தின் சூட்டைக் காட்டும். மற்றொன்று, செருமானிய அறிஞர் எர்மன் சேகர் 1886-இல் அமைத்த கூம்பு. பீங்கானையொத்த கலவையாற் செய்யப்பட்ட அச்சிறு கூம்பு, கலங்களோடு கலமாகச் சூளையினுள் நின்று அதே தீயில் வேகும். உரிய வெம்மை உரிய காலம் பட்டதும் நுனி வளையும். சூட்டின் அளவை மட்டுமன்றி, அச்சூடு கலத்தின்மேற் செய்த வேலையையும் அது காட்டுகின்றது. தேர்வெண் வெப்பமானி போன்றது. உடனிருந்து கற்கும் சட்டாம்பிள்ளையும், அருகிருந்து கேட்கும் தன்னார்வலரும் அக்கூம்பு போன்றோர். இரண்டும் வேண்டுவனவே. ஆயின் கூம்பை எடுத்தெறிந்துவிட்டு வெப்பமானியை மட்டும் நம்பும் தொழிலாளி, சூளையின் மூலையில் வேகாது நிற்கும் கலத்தை அறியமாட்டான்.

8. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும்.

முதலாவது, பழமை புதுமை என்னும் பகுப்பு கற்பித்தல் வரலாற்றில் நிலைபெறுவதன்று. மரபு என நாம் கருதும் வகுப்பறை 19ஆம் நூற்றாண்டின் புதுமை. புதுமை என வந்த செயல்வழிக் கற்றலின் உறுப்புகள் திண்ணையிற் பழையன. இலண்டனுக்குப் புதுமையாயிருந்த சென்னை முறை, சென்னைத் தெருவில் அன்றாட நிகழ்ச்சி.

இரண்டாவது, ஒரு முறை இடம்விட்டு இடம் பெயருங்கால் எளிதிற் பெயர்வது கருவியே. பெயராமல் நின்றுவிடுவது கேட்கும் செவி. பெல் மணலைக் கொண்டுசென்றார். பெருங்கூடத்தில் ஆயிரவரை அமர்த்திய பின் நாள்தோறும் ஒவ்வொரு சிறுவனையும் பூவின் பெயர் கேட்கும் வழக்கம் அங்குச் செல்ல இயலவில்லை. இன்று திரையைப் பள்ளிதோறும் கொண்டுசேர்ப்பாரும் இதனை நினைவிற் கொள்ளல் நலம். செலவைச் சுருக்குவதற்கென ஒரு முறை புகழப்படுங்கால், யாருடைய செவி அங்கிருந்து நீக்கப்படுகின்றது என்று வினவுதல் வேண்டும்.

மூன்றாவது, மாற்று உயர்ந்திருத்தல் மட்டும் போதாது. பொன் எல்லார்க்கும் கிடைத்தல் வேண்டும். 1826-இன் கணக்கில் இடம்பெறாத பிள்ளைகளின் வழித்தோன்றல்களே இன்று அரசுப் பள்ளிகளில் முதல் தலைமுறையாகப் பயில்வோருட் பலர். வீட்டில் பாடம் கேட்பார் இல்லாதவர் அவர். திரை ஒன்றே போதும் என்று அவர்களை விடுவோமாயின், திண்ணையில் ஏற விடாத பழைய பிழையை வேறு வடிவிற் செய்தவர் ஆவோம்.

தமிழாசிரியராகவும் ஆய்வாளராகவும் விளங்கப்போகும் மாணாக்கர்க்கு இதனால் ஒரு கடமை உண்டு. தமக்கு வாய்க்கும் கருவி கரும்பலகையாயினும் கணினியாயினும், பாட வேளையில் எத்துணைப் பிள்ளைகள் வாய்திறந்து உரைத்தனர், அவருள் எத்துணைப் பேரைத் தாம் கேட்டோம் என்று நாள்தோறும் எண்ணிப் பார்த்தலே அது. ஆற்றிலிட்ட பொன் குளத்தில் கிடைத்தது பெரும்பேறே. எனினும் சுந்தரர் கையில் மச்சம் இருந்தமையாலன்றோ மாற்றுக் குறைந்தது தெரிந்தது, தெரிந்தமையாலன்றோ நிறைந்தது?